தேர்வில் தோல்வியும் திருத்தமும்: அந்தமான் தீவுகள் தரும் பாடம்

(மாணவர்களும் கல்வித்துறை அலுவலர்களும் கூடிய அவையில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

ஆண்டுதோறும் தேர்வு முடிவுகள் வெளிவரும் நாளில் எங்கும் எழும் முதல் கேள்வி, தேர்ச்சி எத்தனை சதவீதம் என்பதே. தேர்ச்சி பெற்றோர் தொகை கூட்டப்படுகிறது. சென்ற ஆண்டுத் தொகையுடன் ஒப்பிடப்படுகிறது. அறிக்கை மேலிடத்திற்கு அனுப்பப்படுகிறது. தேர்ச்சி பெறாதவர் ஏன் பெறவில்லை என்பது அந்த அறிக்கையில் இடம் பெறுவது அரிது. அவர் எழுதிய விடைத்தாள் கட்டுக்குள் போய்விடுகிறது. அத்தாள் சொல்ல வந்த செய்தியும் அதனுடனேயே போய்விடுகிறது.

தோல்வியே வெற்றிக்கு முதற்படி என்னும் வாசகம் பள்ளிச் சுவர்களில் எழுதப்பட்டிருப்பதை மாணவர்கள் கண்டிருப்பார்கள். இது பாதி உண்மையே. தோல்வி தானாக எதையும் கற்பிப்பதில்லை. எங்கே தவறியது, எதனால் தவறியது என்று ஆராயப்பட்ட தோல்வி மட்டுமே அடுத்த முயற்சிக்குப் பயன்படுகிறது. ஆராயப்படாத தோல்வி மறு ஆண்டும் அதே உருவில் திரும்பி வருகிறது. தனி மாணவருக்கு இது எவ்வளவு பொருந்துமோ, பள்ளிக்கும் அரசுக்கும் அவ்வளவு பொருந்தும்.

இக்கருத்தை ஆராய அந்தமான் நிக்கோபார் தீவுகள் மிகப் பொருத்தமான களமாகும். இதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, இத்தீவுகளின் பழைய வரலாறே தோல்விகளைச் சரியாகவும் தவறாகவும் படித்தவர்களின் வரலாறு. இரண்டாவது, 2024ஆம் ஆண்டு இறுதியில் மத்திய அரசு வெளியிட்ட விதிகள் தேர்ச்சி பெறாத குழந்தையைப் பற்றியவை. இத்தீவுகளின் பள்ளிகளை அவை நேரடியாகத் தொடுகின்றன.

கைவிடப்பட்ட குடியேற்றம்

1789ஆம் ஆண்டில் ஆர்ச்சிபால்டு பிளேர் என்னும் கடற்படை அலுவலர் தெற்கு அந்தமானில் சாத்தம் தீவையொட்டி ஒரு குடியேற்றத்தை நிறுவினார். அது ஓரளவு நல்ல நிலையில் வளர்ந்து வந்தது. ஆயினும் போர்க்கப்பல்களுக்கு ஏற்ற பெரிய துறைமுகம் வேண்டும் என்ற எண்ணத்தால், 1792இல் குடியேற்றம் முழுவதும் வடக்கு அந்தமானின் கிழக்குக் கரைக்கு மாற்றப்பட்டது. புதிய இடத்தில் நோய் பரவியது, பலர் மாண்டனர். 1796இல் குடியேற்றம் கைவிடப்பட்டது. அந்தமான் வாழத்தகாத தீவு என்ற பெயர் நிலைத்துவிட்டது.

அறுபது ஆண்டுகளுக்குப் பின்னர், 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடுத்துக் கைதிகளை அனுப்ப இடம் தேடிய அரசு, டாக்டர் மௌவட் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அக்குழு பழைய ஆவணங்களையும் இரு இடங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தது. தோற்றது தீவு முழுவதுமன்று, தீவின் ஓரிடமே என்பது தெளிவாயிற்று. பிளேர் முதலில் தேர்ந்த தென்புறத் துறைமுகமே தக்கது எனக் குழு பரிந்துரைத்தது. அதற்குப் போர்ட் பிளேர் எனப் பெயரிடப்பட்டது. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் பெற்ற நகரம் அதுவே.

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. 'அந்தமான் ஆகாது' என்பது தீர்ப்பு. 'வடகிழக்குக் கரையில் நோய் மிகுதி, தென்புறத்தில் குறைவு' என்பது ஆராய்ச்சி. 'எனக்குக் கணக்கு வராது' என்று சொல்லும் மாணவர் முதல் வகையைச் சேர்ந்தவர். 'பின்னம் வரை வருகிறது. தசமத்தில் தடுமாற்றம்' என்று சொல்லக் கற்ற மாணவர் பாதி வழியைக் கடந்துவிட்டார்.

ஆயினும் குழுவின் வேலையும் அரைகுறையானதே. 1858 மார்ச்சில் முதற் கைதிகள் வந்திறங்கிய பின் போர்ட் பிளேரிலும் காய்ச்சலால் ஏராளமானோர் இறந்தனர். இடத்தை ஒப்பிட்ட குழுவினர் நோயின் காரணத்தை அறிந்திருக்கவில்லை. சதுப்பு நிலத்திலிருந்து எழும் கெட்ட காற்றே காய்ச்சலைத் தருகிறது என்பது அக்காலத்து நம்பிக்கை. காரணம் தவறாகக் கொள்ளப்பட்டால் மருந்தும் தவறாகவே அமையும்.

இரண்டாம் முறை தேறியவர்

அந்தக் காரணத்தைக் கண்டறிந்தவர் ரொனால்டு ராஸ். 1857இல் அல்மோராவில் பிறந்த இவர், இலண்டனில் மருத்துவம் பயின்றபோது ஊக்கமுள்ள மாணவராக இருக்கவில்லை. இந்திய மருத்துவப் பணியில் சேர விரும்பியவருக்கு வேண்டிய தகுதித் தேர்வு ஒன்றில் முதல் முயற்சியில் தோல்வியுற்றார். கப்பலில் மருத்துவராகப் பணி செய்துகொண்டே மீண்டும் படித்து 1881இல் தேறினார்.

ஆனால் அவருடைய பெரிய பாடம் பிற்காலத்தில் வந்தது. 1895 முதல் செகந்தராபாத்தில் கொசுக்களை அறுத்துப் பார்த்து மலேரியாக் கிருமியைத் தேடினார். இரண்டாண்டுகள் ஒன்றும் அகப்படவில்லை. கொசுவினால் நோய் பரவுகிறது என்ற கருத்தே தவறு என அவர் முடிவு கட்டியிருக்கலாம். அவ்வாறு செய்யாமல், இதுவரை அறுத்தவை எந்த வகைக் கொசுக்கள் என்று குறிப்புகளைப் பார்த்து, வேறு வகைக் கொசுவை நாடினார். 1897 ஆகஸ்டு 20ஆம் நாள், இறகில் புள்ளிகளுடைய அனாபிலிஸ் கொசுவின் இரைப்பையில் கிருமியைக் கண்டார். 1902இல் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. பின்னர் அந்தமானில் மலேரியா பற்றி கிறிஸ்டோபர்ஸ் நடத்திய ஆய்வு 1912இல் வெளிவந்தது. கடலோரச் சதுப்பின் உவர்நீரில் பெருகும் ஒருவகை அனாபிலிஸ் கொசுவே அங்கு நோயைப் பரப்புகிறது என அது காட்டியது. 1796ஆம் ஆண்டின் தோல்விக்கு உரிய விளக்கம் கிடைக்க நூறாண்டுக்கு மேலாயிற்று.

இரண்டாண்டுத் தோல்வி ராஸுக்குப் பயன்பட்டதற்கு ஒரே காரணம், எதை முயன்றார் என்ற குறிப்பு அவரிடம் இருந்ததே. குறிப்பில்லாத தோல்வியிலிருந்து எவராலும் கற்க இயலாது.

கற்பிப்போரின் தோல்வி

தோல்விகள் அனைத்தும் கற்போரைச் சார்ந்தவை அல்ல. நிக்கோபார் தீவுகளில் இதற்குச் சான்று உண்டு. 1768இல் மொராவிய சபையைச் சேர்ந்த ஐரோப்பியர் நன்கவுரித் தீவில் குடியமர்ந்து மக்களுக்குப் போதிக்க முயன்றனர். ஏறத்தாழ இருபதாண்டுகள் முயன்றும் பயனில்லை. நோயால் பலர் மடிந்தனர். 1787இல் எஞ்சியோர் வெளியேறினர். தீவு மக்களின் மொழியைச் செவ்வையாகக் கற்க இயலாமற் போனதும் இத்தோல்விக்கு ஒரு காரணம்.

நூறாண்டுக்குப் பின், 1896இல் வேதப்பன் சாலமோன் என்னும் தமிழர் கார் நிக்கோபார் சேர்ந்தார். முஸ் கிராமத்தில் சிறு பள்ளி ஒன்றை நடத்தி, அம்மக்களோடு வாழ்ந்து அவர்கள் மொழியைக் கற்றார். அவரிடம் பயின்ற சிறுவர்களுள் ஒருவர் ஜான் ரிச்சர்ட்சன். மாண்டலேயில் மேற்படிப்பு முடித்துத் தீவுக்குத் திரும்பிய அவர், ஆசிரியராகவும் பின்னர் ஆயராகவும் விளங்கினார்; நிக்கோபாரி மொழிக்கு எழுத்து வழக்கு ஏற்படப் பாடுபட்டார்; 1952இல் முதல் மக்களவைக்கு இத்தீவுகளின் உறுப்பினராக நியமிக்கப்பட்டார்.

மக்கள் அதே மக்கள். தீவுகளும் அதே தீவுகள். கற்பித்தவர் மொழியைக் கற்றார் என்பதே முக்கியமான வேறுபாடு. ஆங்கிலம், இந்தி, வங்காளம், தமிழ், தெலுங்கு ஆகிய மொழிகள் வாயிலாகப் பாடம் நடைபெறும் ஒரு யூனியன் பிரதேசத்தில், வீட்டு மொழி ஒன்றும் பாட மொழி வேறொன்றுமாக அமையும் குழந்தைகள் பலர். அத்தகைய குழந்தை அறிவியலில் தவறும்போது, அது அறிவியலில் தவறியதா, வினாவின் மொழியில் தவறியதா என்று கேட்காமல் மதிப்பெண்ணை மட்டும் பதிவு செய்வது மௌவட் குழுவுக்கு முந்தைய நிலையாகும்.

தேக்கமும் விரயமும்

கல்விப் பொருளாதாரத்தில் இவ்விரு சொற்களும் பழையவை. 1929இல் ஹார்ட்டாக் குழு தன் அறிக்கையில் இவற்றை முன்வைத்தது. படிப்பை முடிக்காமல் பள்ளியை விட்டு நீங்குவது விரயம். ஒரே வகுப்பில் ஓராண்டுக்கு மேல் தங்குவது தேக்கம். எட்டாண்டுப் படிப்பை ஒரு மாணவர் பத்தாண்டுகளில் முடித்தால், அவருக்கான ஆசிரியர் ஊதியம், கட்டடம், தளவாடம் முதலியவற்றின் செலவு கால் பங்கு கூடுகிறது. இடையில் நின்றுவிட்டாலோ, செய்த செலவின் பெரும்பகுதிக்குப் பலன் இல்லை. குடும்பத்தின் நட்டம் இக்கணக்கில் சேராதது.

இதனால், தொடக்க நிலையில் குழந்தைகளை வகுப்பில் நிறுத்தி வைக்கலாகாது என்ற கருத்து வலுப்பெற்றது. 1964–66ஆம் ஆண்டுகளின் கோத்தாரிக் கல்விக் குழு தொடக்க வகுப்புகளில் தேக்கத்தைக் குறைக்கும் வழிகளை ஆராய்ந்தது. 1986ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, நிறுத்தி வைக்காத முறையைத் தொடக்க நிலையில் ஏற்றது. 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரை அதனை விரிவாக்கியது. நோக்கம் உயர்ந்தது. ஆனால் நிறுத்தி வைக்காமையோடு, குறையைக் கண்டு களைவதும் நடந்திருக்க வேண்டும். அது நடவாத இடங்களில், தோல்வி மறைக்கப்பட்டதேயன்றித் தீர்க்கப்படவில்லை.

2019இல் சட்டம் திருத்தப்பட்டது. அதனையொட்டி 2024 டிசம்பரில் வெளியான மத்திய அரசின் விதிகள், ஐந்தாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் ஆண்டிறுதித் தேர்வுக்கு வகை செய்தன. சட்டமன்றம் இல்லாத யூனியன் பிரதேசங்களின் பள்ளிகளுக்கு மத்திய அரசே உரிய அரசு என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் வரையறை. ஆகவே இவ்விதிகள் அந்தமானுக்கும் பொருந்துவன. மாநிலங்கள் தம் முடிவைத் தாமே மேற்கொள்ளலாம். தமிழ்நாடு பழைய முறையையே தொடர்வதாக அப்போது அறிவித்தது.

இரண்டு மாதங்கள்

விதிகளின் உயிர்நாடி நிறுத்தி வைப்பதில் இல்லை. தேர்ச்சி பெறாத குழந்தைக்குக் கூடுதல் பயிற்சி அளிக்க வேண்டும். முடிவு வெளியான நாளிலிருந்து இரண்டு மாதங்களுக்குள் மறுதேர்வு நடத்த வேண்டும். அதிலும் தேறாவிடில் அதே வகுப்பில் நிறுத்தலாம். அவ்வாறு நிறுத்தப்பட்ட குழந்தைக்கும் அதன் பெற்றோருக்கும் வகுப்பாசிரியர் வழிகாட்ட வேண்டும். கற்றலில் உள்ள இடைவெளிகளைக் கண்டறிந்து தனிக் கவனம் செலுத்த வேண்டும். பள்ளித் தலைவர் அத்தகைய குழந்தைகளின் பட்டியலை வைத்துத் தாமே கண்காணிக்க வேண்டும். தொடக்கக் கல்வி முடியும் வரை எந்தக் குழந்தையையும் வெளியேற்றலாகாது. மனப்பாடத்தை அளப்பதாகத் தேர்வு அமையலாகாது என்றும் விதிகள் கூறுகின்றன.

இந்த இரண்டு மாதங்களில் என்ன நடக்கிறது என்பதே கேள்வி. ஆண்டிறுதித் தேர்வு முடிவை அடுத்து வருவது கோடை விடுமுறை. தென்மேற்குப் பருவமழை நாட்டிலேயே முதன்முதலில் வந்தடையும் பகுதி இத்தீவுகளே. மே மாதத்தின் பிற்பாதியில் அது தொடங்கிவிடுகிறது. கடல் கொந்தளிக்கும்போது தீவுகளுக்கிடையே கப்பல் போக்குவரத்து தடைப்படும். தலைநகரிலிருந்து கார் நிக்கோபார் ஏறத்தாழ 270 கி.மீ.; பெரிய நிக்கோபாரின் கேம்ப்பெல் பே ஏறத்தாழ 540 கி.மீ. விடுமுறையில் தாயகம் செல்லும் ஆசிரியர் உண்டு. தனிப்பயிற்சி நிலையம் இல்லாத தீவும் உண்டு. கூடுதல் பயிற்சி இல்லாமல் இரண்டு மாதம் கழிந்து மறுதேர்வு வந்தால், அது அக்குழந்தையின் இரண்டாவது தோல்வியாகவே முடியும். அந்தத் தோல்விக்குக் குழந்தையைப் பொறுப்பாக்குவது நியாயமாகாது.

வழி இல்லாமல் இல்லை. 2020 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்ட ஏறத்தாழ 2,300 கி.மீ. நீளமுள்ள கடலடிக் கம்பிவடம், சென்னையைத் தலைநகருடனும் கார் நிக்கோபார், கமோர்ட்டா, சிறிய அந்தமான், பெரிய நிக்கோபார் முதலிய தீவுகளுடனும் இணைக்கிறது. ஒரு தீவில் உள்ள தேர்ந்த கணித ஆசிரியர், வேறு தீவில் உள்ள ஐந்து குழந்தைகளுக்கு நாள்தோறும் ஒரு மணி நேரம் பாடம் சொல்ல இன்று இயலும். அவர் எதைச் சொல்லித்தர வேண்டும் என்பதை விடைத்தாள் அவருக்கு முன்னரே தெரிவித்திருக்க வேண்டும்.

விடைத்தாள் சொல்லும் செய்தி

ஓர் எடுத்துக்காட்டைக் காணலாம். 0.35, 0.4 ஆகிய இரண்டில் எது பெரியது என்ற வினாவுக்கு, 0.35 என்று விடை எழுதும் குழந்தைகள் உலகெங்கும் உள்ளனர். 35 என்பது 4ஐ விடப் பெரியது என்பது அவர்களின் காரணம். இந்த விடை தவறு. ஆனால் சிந்தனையின்றி எழுதப்பட்டதன்று. முழு எண்ணுக்குரிய விதியைக் குழந்தை தசமத்திற்கும் நீட்டியிருக்கிறது. இந்த ஒரே பிழை அளவைகளிலும், சதவீதத்திலும், வட்டிக் கணக்கிலும் வேறு வேறு உருவில் வெளிப்படும். நூற்றுக்கு 28 பெற்ற ஒரு மாணவரின் இழப்பில் பாதி இந்த ஒரே ஊற்றிலிருந்து வந்திருக்கக்கூடும். 35 காசும் 40 காசும் காட்டி ஒரு வாரத்தில் இதைத் திருத்திவிடலாம். அதே 28 பெற்ற இன்னொருவர் வினாவின் மொழி புரியாதவராக இருக்கலாம். மற்றொருவர் நேரம் போதாதவராக இருக்கலாம். மூவருக்கும் ஒரே பயிற்சியை அளித்தால் ஒருவருக்கேனும் முழுப் பயன் கிட்டுவது ஐயமே.

மாணவர் செய்யத்தக்கது

தேர்ச்சி பெறாத மாணவருக்கு ஆறுதலாகக் கணித மேதை இராமானுஜனின் பெயரைச் சொல்வது தமிழரின் வழக்கம். கும்பகோணத்திலும் பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் பயின்ற அவர், பிற பாடங்களில் கருத்தூன்றாமல் கல்லூரி முதல் தேர்வில் தேறாமற் போனது உண்மையே. ஆனால் தோல்வி அவரை மேதையாக்கவில்லை. 1912இல் துறைமுகக் கழகத்தில் எழுத்தராக அமரும் வரை அவர் பட்ட வறுமைக்கு அதுவே காரணமாயிற்று. பட்டம் பெறாத அவருக்கு 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியதே திருப்பம். அங்கே பாடம் கற்றது பல்கலைக்கழகம். ஆகவே இக்கதையை மாணவருக்கு ஆறுதலாகச் சொல்வதை விட, அலுவலருக்கு நினைவூட்டலாகச் சொல்வதே பொருத்தம்.

மாணவருக்கு வேண்டியது வேலைத் திட்டம். முடிவு வந்த ஒரு வாரத்திற்குள், வினாத்தாளை எடுத்துக்கொண்டு தவறிய ஒவ்வொரு வினாவுக்கும் எதிரே நான்கில் ஒன்றைக் குறிக்கலாம்: பாடம் தெரியவில்லை, தெரிந்ததைத் தவறாகப் புரிந்திருந்தது, வினா விளங்கவில்லை, நேரம் போதவில்லை. முதல் வகைக்குப் பாடநூலும், இரண்டாம் வகைக்கு ஆசிரியரும், மூன்றாம் வகைக்கு மொழிப் பயிற்சியும், நான்காம் வகைக்குக் கடிகாரத்தை வைத்து எழுதிப் பழகுவதும் மருந்தாகும். பிழைகளுக்கெனத் தனி ஏடு ஒன்று வைத்து, அதே பிழை மூன்றாம் முறை வருகிறதா என்று பார்ப்பது நன்று. விடை தெரிந்த வினாவை மீண்டும் மீண்டும் எழுதிப் பார்ப்பது மனத்துக்கு இதம் தரும். ஆனால் மதிப்பெண்ணைக் கூட்டாது.

பெரிய வகுப்புகளிலும் வாய்ப்பு விரிந்துள்ளது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம், 2026 முதல் பத்தாம் வகுப்புக்கு ஆண்டில் இரு பொதுத் தேர்வுகள் நடத்த 2025 ஜூனில் முடிவு செய்தது. இரண்டாம் தேர்வில் மூன்று பாடங்கள் வரை மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ள இயலும். இரு தேர்வுகளுக்கும் இடையிலுள்ள வாரங்களைப் பிழையைக் களைவதற்குப் பயன்படுத்துவோருக்கே இவ்வாய்ப்பு மெய்யான வாய்ப்பாகும்.

அலுவலர் செய்யத்தக்கது

1951இல் இத்தீவுகளின் மக்கள் தொகை 30,971. 2011இல் அது 3,80,581 ஆயிற்று; எழுத்தறிவு 86.63 சதவீதத்தை எட்டியது. 1967இல் ஜவாஹர்லால் நேரு அரசுக் கல்லூரி நிறுவப்படும் வரை, பட்டப் படிப்புக்கு இளைஞர்கள் கடல் கடந்து செல்ல வேண்டியிருந்தது. பள்ளியைக் குழந்தையின் அருகே கொண்டு செல்லும் வேலை பெருமளவு முடிந்திருக்கிறது. பள்ளிக்குள் இருக்கும் குழந்தை கற்கிறதா என்று பார்க்கும் வேலையே இனி உள்ளது.

இதற்குப் புதிய துறையோ பெருஞ்செலவோ வேண்டியதில்லை. தேர்ச்சி பெறாத ஒவ்வொரு குழந்தையின் விடைத்தாளையும் திருத்திய ஆசிரியர் ஒரு பக்கத்தில் பிழைகளை வகைப்படுத்தித் தரலாம். அந்தப் பக்கம் விடுமுறை தொடங்குமுன் கூடுதல் பயிற்சி அளிப்பவரின் கைக்குச் செல்ல வேண்டும். கப்பல் கால அட்டவணையையும் மழையையும் கருதி மறுதேர்வு நாளைத் தீவுக்குத் தீவு வகுக்கலாம். ஆண்டு அறிக்கையில் தேர்ச்சி சதவீத அட்டவணையை அடுத்து இன்னோர் அட்டவணை இடம் பெறலாம்: தேறாதவர் எத்தனை பேர், அவர்கள் எவ்வகைப் பிழையால் தேறவில்லை, இரண்டு மாதங்களில் ஒவ்வொருவருக்கும் எத்தனை மணி நேரம் பாடம் சொல்லப்பட்டது, மறுதேர்வில் தேறியவர் எத்தனை பேர். மூன்றாவது கேள்விக்கு உரிய கட்டம் வெறுமையாக இருக்குமாயின், அவ்வாண்டுத் தேர்வில் தோற்றது யார் என்பது அந்த அட்டவணையிலிருந்தே விளங்கிவிடும்.